இரண்டு ஊசி, ஓர் உருண்டை நூல்





ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் கடையொன்றில் சம்பளத்துக்கு நிற்கிறார். மூன்று பிள்ளைகள், மூன்றாவது கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்குத் தொப்பியும் ஸ்வெட்டரும் தன் கையாலேயே பின்ன வேண்டும், கை பழகியதும் நாலு பேருக்குப் பின்னிக் கொடுத்து வீட்டுச் செலவுக்கும் உதவ வேண்டும் என்பது அவருடைய ஆசை. "என்னென்ன வாங்க வேண்டும்?" என்று விசாரித்திருக்கிறார். பல அளவுகளில் ஊசித் தொகுதி, ஒரு பெட்டி நூல், மாதிரிப் புத்தகங்கள், கையால் இயக்கும் பின்னல் இயந்திரம் என்று நீண்ட பட்டியல் கிடைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் வாங்க நுண்கடன் எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருக்கிறதாம். "எடுக்கலாமா ஹஸ்ரத்?" என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னக் கற்றுக்கொள்ளுங்கள், கடன் எடுக்க வேண்டாம். தொடங்குவதற்குத் தேவை இரண்டு ஊசியும் ஓர் உருண்டை நூலும்தான். மீதி எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. பின்னல் பற்றி இங்கே எழுதுபவை, பல வருடங்களாகப் பின்னிவரும் தாய்மாரிடம் கேட்டறிந்தவை.

அல்லாஹ் நினைவூட்டும் அருட்கொடை

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாட்கள் விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கந்தப்பளை, இராகலை, தலவாக்கலை, மஸ்கெலியா என்று எந்தப் பக்கம் போனாலும் பஜ்ருக்கு வுளூச் செய்யும் தண்ணீர் விரலை விறைக்கச் செய்யும். இங்கே கம்பளி உடை ஆடம்பரம் அல்ல, அத்தியாவசியம்.

சூரா அந்நஹ்லின் 5ஆம் வசனத்தில், கால்நடைகளில் நமக்குக் கதகதப்பும் வேறு பயன்களும் வைத்திருப்பதை அல்லாஹ் நினைவூட்டுகிறான். அதே சூராவின் 80ஆம் வசனத்தில் அவற்றின் கம்பளியையும் உரோமத்தையும் முடியையும் தனித்தனியே குறிப்பிட்டு, அவற்றிலிருந்து நமக்கு வீட்டுப் பொருட்களும் குறிப்பிட்ட காலம் வரை சுகமும் கிடைப்பதாகச் சொல்கிறான். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஷாம் நாட்டுக் கம்பளி ஜுப்பா அணிந்திருந்ததை முகீரா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதன் கைகள் ஒடுக்கமாக இருந்ததால், வுளூவின்போது கைகளை உள்ளே இழுத்துக் கீழ்ப்பக்கமாக வெளியே எடுத்தார்கள் என்றும் அந்த ஹதீஸ் சொல்கிறது. பின்னுபவருக்கும் இதில் ஒரு குறிப்பு உண்டு. பெரியவர்களுக்கு ஸ்வெட்டர் பின்னும்போது கை முழங்கைக்கு மேல் ஏறும் அளவு தளர்வாக இருக்கட்டும். குளிரில் வுளூச் செய்பவர் உங்களுக்காக துஆச் செய்வார்.

இந்தக் கலை முஸ்லிம்களுக்குப் புதியதும் அல்ல. ஊசிப் பின்னலில் உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய துணிகளில் பல, முஸ்லிம் ஆட்சிக்கால எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைத் துண்டுகள். நீலமும் வெள்ளையும் கலந்து, நுணுக்கமான கோலங்களோடு பின்னப்பட்டவை. ஸ்பெயினில் புர்கோஸ் நகருக்கு அருகிலுள்ள லாஸ் வெல்காஸ் மடாலயத்தில், 1275இல் இறந்த காஸ்டீல் இளவரசர் பெர்னாண்டோவின் கல்லறையிலிருந்து பட்டுநூலால் பின்னிய தலையணை உறை ஒன்று எடுக்கப்பட்டது. முஸ்லிம் கைவினைஞர் பின்னியது. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் 'பரக்கா' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. நாம் பரக்கத் என்கிறோமே, அதே சொல்தான்! ஒரு கிறிஸ்தவ இளவரசரின் தலைக்குக் கீழே ஏறத்தாழ எழுநூறு வருடங்கள் கிடந்தது முஸ்லிம் கையின் பரக்கத்.

ஊசி எப்படி இருக்க வேண்டும்?

ஊசிகளைத் தொகுதியாக வாங்க வேண்டாம். ஒரே ஒரு சோடி போதும். அளவு 4 மில்லிமீற்றர். சில கடைகளில் இன்னும் பழைய ஆங்கிலேய இலக்கத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். அதில் 4 மி.மீ. ஊசி 8ஆம் இலக்கம். ஒன்றை ஞாபகம் வையுங்கள்: பழைய முறையில் இலக்கம் கூடக்கூட ஊசி மெலியும். 10ஆம் இலக்கம் 3.25 மி.மீ., 11ஆம் இலக்கம் 3 மி.மீ. இந்தக் கணக்குத் தெரியாமல் "பெரிய இலக்கம் பெரிய ஊசி" என்று நினைத்து வாங்கி வந்து, கண்ணி ஏறாமல் அழுதவர்கள் பலர்.

அலுமினிய ஊசி நீண்டகாலம் உழைக்கும். ஆனால் அது வழுக்கும். புதுக்கையிலிருந்து கண்ணிகள் நழுவி விழும். நமது குளிரில் விரலுக்கும் சில்லென்றிருக்கும். தொடங்குபவருக்கு மூங்கில் ஊசியே நல்லது. அது நூலைப் பிடித்துக்கொள்ளும், கைக்கும் இதமாக இருக்கும். அதையும் வாங்க வசதியில்லையா? காய்ந்த மூங்கிலில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் இரண்டு குச்சிகள் சீவுங்கள். முனையைப் பென்சில் போலச் சீவி, குத்தாதபடி மழுக்குங்கள். முழுவதையும் சேண்ட் பேப்பரால் ஒரே பருமனாக வழவழப்பாகும்வரை தேய்த்து, மெழுகுதிரியை மேலே உரசித் துணியால் துடையுங்கள். மறுமுனையில் கண்ணி வழுகாமலிருக்க ரப்பர் வளையத்தை இறுக்கிச் சுற்றுங்கள். செலவு ஒன்றுமில்லை. சைக்கிள் சக்கரக் கம்பியில் பின்னியவர்களும் உண்டு. ஆனால் அது மிக மெல்லியது, தொடங்குபவருக்குப் பொருந்தாது.

நூல் எப்படி இருக்க வேண்டும்?

50 கிராம் உருண்டை ஒன்று மட்டும் வாங்குங்கள். சுற்றியிருக்கும் தாளில் 'டபுள் நிட்டிங்' என்று போட்டிருந்தால் அது 4 மி.மீ. ஊசிக்குச் சரியான பருமன். நிறம் வெளிராக இருக்கட்டும். இளநீலம், இளமஞ்சள், கிறீம் எதுவானாலும் சரி. கறுப்பிலும் கடும் நீலத்திலும் கண்ணியைக் காண்பது கடினம், அதுவும் மாலை வெளிச்சத்தில். நூல் வழவழப்பாக இருக்க வேண்டும். புசுபுசுவென்று முடி நிற்கும் நூல் கடையில் அழகாகத் தெரியும். அதில் ஒரு பிழையை அவிழ்ப்பது பெரும் சோதனை. குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் அந்த முடி ஆகாது.

எல்லாவற்றையும் 'வுல்' என்றுதான் விற்கிறார்கள். விலை குறைந்த நூல் பெரும்பாலும் ஆட்டுக் கம்பளி அல்ல, அக்ரிலிக் என்ற செயற்கை நூல். அதில் குறையொன்றுமில்லை. இலேசாகக் கழுவலாம், மழைக்காலத்திலும் விரைவில் காயும், பூச்சி அரிக்காது. கம்பளி ஈரமாக இருக்கும்போதும் சூடு தரும். ஆனால் சுடுநீரில் கசக்கினால் சுருங்கிவிடும். எது எதுவென்று அறிய, ஒரு சிறு துண்டு நூலை வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பழைய பீங்கானுக்கு மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாசத்தோடு எரிந்து பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணிபோல இறுகும்.

அந்த உருகுதலில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. விறகடுப்பில் சமைக்கும் சகோதரிகள், அக்ரிலிக் சால்வையையோ தொங்கும் கையுள்ள ஸ்வெட்டரையோ அணிந்துகொண்டு அடுப்புக்கு முன் குனிய வேண்டாம். தீப்பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது

பட்டியலில் உள்ள மற்றப் பொருட்களைப் பார்ப்போம். கண்ணிகளை ஒதுக்கி வைக்க ஒரு கருவி விற்கிறார்கள். ஓர் ஊக்கு அதைச் செய்யும். இடத்தை அடையாளம் வைக்க வளையங்கள் விற்கிறார்கள். வேறு நிற நூலில் ஒரு சிறு முடிச்சு போதும். வரிசை எண்ண ஒரு கருவி; ஒரு வரிசைக்கு ஒரு கடலையை ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு மாற்றினால் கணக்குச் சரி. (தஸ்பீஹ் மணியை இதற்கு எடுக்க வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது!) துண்டுகளை இணைக்கப் பெரிய காதுள்ள மொட்டை ஊசி வேண்டும், சாக்குத் தைக்கும் சிறிய ஊசியின் முனையைக் கல்லில் உரசினால் மொட்டையாகிவிடும். அளக்கப் பிள்ளையின் பாடசாலை அடிமட்டம். வெட்ட வீட்டுக் கத்தரிக்கோல். நூலில் தூசியும் அடுப்புக் கரியும் படாமலிருக்கப் பழைய தலையணை உறை. மாதிரிப் புத்தகத்துக்குப் பதிலாகப் பின்னத் தெரிந்த ஒருவர்.

அந்த ஒருவர் உங்கள் உம்மும்மாவாக இருக்கலாம். பக்கத்து லயத்தில் வசிக்கும் தமிழ்ச் சகோதரியாக இருக்கலாம், சிங்களத் தாயாகவும் இருக்கலாம். தயங்காமல் போய்க் கேளுங்கள். அயலவரின் உரிமையை நமது மார்க்கம் எவ்வளவு வலியுறுத்தியிருக்கிறது! ஒரு கலையைக் கற்றுத் தந்தவரோடு உறவு இலேசில் அறுந்துபோகாது. கைத்தொலைபேசியில் பின்னல் காட்டும் படங்கள் இலவசமாக நிறைய வருகின்றன, உண்மைதான். ஆனால் உங்கள் கையைப் பிடித்து விரலைச் சரியாக வைத்துவிட அதனால் முடியாது.

பழைய ஸ்வெட்டரில் புதிய நூல்

கை சற்றுப் பழகியதும் அடுத்த கேள்வி, நிறைய நூலுக்கு எங்கே போவது? புதிய நூலில் சிசுவுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன 100 முதல் 150 கிராம் வரை வேண்டும். வளர்ந்தவருக்கு அரைக் கிலோ அளவில் போகும். இங்கே மலைநாட்டுப் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நுவரெலியாவின் பேல் பஜாரிலும் நம் ஊர்ச் சந்தைகளிலும் குளிர் உடைகள் குவிந்து கிடக்கின்றன. வீட்டுப் பெட்டியிலும் முழங்கை கிழிந்த ஸ்வெட்டர் ஒன்றாவது இருக்கும். அதை அவிழ்த்தால் நூல்!

ஆனால் எல்லா ஸ்வெட்டரும் அவிழாது. வாங்கும் முன் உட்புறத்தைத் திருப்பி, பக்கவாட்டு மூட்டைப் பாருங்கள். துண்டுகளின் ஓரம் முழுதாக, சங்கிலி போலத் தெரிந்து, ஒரே நூலால் தைக்கப்பட்டிருந்தால் அது நல்லது. தையலை மட்டும் பிரித்தால் நூல் அறாமல் நீளமாக வரும். துணியை வெட்டி, ஓரத்தில் இயந்திரத்தால் பல நூல் போட்டு அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அதில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு துண்டு நூல்தான் கிடைக்கும். துவைத்துத் துவைத்துத் தடித்து இறுகிப்போன கம்பளியும் அவிழாது. பூஞ்சண மணம் வீசினால் தொடவே வேண்டாம்.

அவிழ்க்கும்போது, பின்னி முடித்த ஓரத்திலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது கழுத்துப் பக்கம். தொடங்கிய ஓரத்திலிருந்து இழுத்தால் சிக்கும். வரும் நூலைக் கதிரையின் முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டிக் கழற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, கசக்காமல் அலசி, கீழே ஓர் இலேசான பாரம் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் பெரும்பாலும் நேராகிவிடும். பிறகு உருண்டையாகச் சுற்றுங்கள்.

முதல் வேலை

முதலில் ஸ்வெட்டரில் கை வைக்க வேண்டாம். 22 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் நேர்ப்பின்னலாகவே பின்னுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும். 22 வரப்பு வந்ததும் ஏறத்தாழச் சதுரமாக, பத்துச் சென்ரிமீற்றர் அளவில் ஒரு துண்டு கிடைக்கும். ஓரம் கோணுகிறதா, கண்ணி குறைகிறதா என்று பார்த்து, அவிழ்த்து மறுபடி பின்னுங்கள். அதே நூல்தான், நஷ்டமில்லை.

அடுத்தது தொப்பி. 72 கண்ணி ஏற்றி, நேர்ப்பின்னலாகவே 16 சென்ரிமீற்றர் உயரம் வரை பின்னுங்கள். கடைசியில் கண்ணிகளை அடைக்காமல், சாக்கு ஊசியில் நூலைக் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளும் செலுத்தி இறுக்கிச் சுருக்குங்கள். பின்பக்கத்தை மேலிருந்து கீழாகத் தையுங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு தொப்பி தயார். முதலில் வாங்கிய அந்த 50 கிராமுக்குள்ளேயே வேலை முடிந்து, நூல் மிச்சமும் இருக்கும். கழுத்தைச் சுற்றும் நீண்ட நாடா வைக்க வேண்டாம். வீட்டுக்குள் குழந்தையைத் தூங்க வைக்கும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள். முகத்தில் இறங்கினால் ஆபத்து.

கடன் ஏன் வேண்டாம்?

வட்டி ஹராம் என்பதை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு மேல் ஒரு நடைமுறை உண்மையும் இருக்கிறது. பின்னலில் பணம் மெதுவாகத்தான் வரும். நுண்கடனின் தவணையோ வாரா வாரம் வரும். முதல் ஸ்வெட்டர் முடியும் முன்னே பல தவணைகள் வந்து கதவைத் தட்டும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும்; அதோடு அயல் உறவும் கெடும். இந்நாட்டில் நுண்கடனில் சிக்கிய பெண்களின் துயரம் எவ்வளவு பெரிதாக வளர்ந்ததென்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கமே 2018இல் அறிவிக்க வேண்டி வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒவ்வொரு குடும்பமும் பட்டபாட்டையும் நாம் மறக்கவில்லை. அப்படியிருக்க, இன்னும் கண்ணி ஏற்றத் தெரியாத கைக்கு இயந்திரம் எதற்கு?

முறை இதுதான். முதல் உருண்டையை வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்குங்கள். முதல் தொப்பி உங்கள் பிள்ளைக்கு. யாராவது கேட்டால், நூலை அவரே வாங்கித் தரட்டும்; நீங்கள் கைக்கூலி மட்டும் பெறுங்கள். அந்தக் கூலியில் அடுத்த உருண்டை, பிறகு மெல்லிய ஊசி ஒரு சோடி. ஸ்வெட்டருக்கு நூல் வாங்கும்போது மட்டும் முழுத் தேவையையும் ஒரே தடவையில், தாளிலுள்ள சாய இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையேல் கை ஒரு நிறம், மார்பு ஒரு நிறமாகத் தெரியும்.

விற்கும்போது அக்ரிலிக்கை அக்ரிலிக் என்றே சொல்லுங்கள். அவிழ்த்த நூல் என்றால் அதையும் சொல்லுங்கள். நனைந்த தானியத்தை அடியில் மறைத்து விற்றவரைப் பார்த்து, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. நூல் உருண்டைக்கும் அது பொருந்தும்.

நீளமான கை

உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களை நினைத்துப் பாருங்கள். தன்னை முதலில் வந்து சேர்பவர் நீளமான கையுடையவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அன்னையர்கள் தங்கள் கைகளை அளந்து பார்த்தார்கள். ஸைனப் (ரழி) அவர்களே முதலில் வஃபாத்தான பிறகுதான் நீளம் என்பதன் கருத்துப் புரிந்தது. அவர்கள் தம் கையால் வேலை செய்து ஸதகா கொடுப்பவர்களாக இருந்தார்கள். கையில் தொழில் இருந்தால் வறிய வீட்டுப் பெண்ணும் கொடுப்பவளாகலாம். நூல் மிச்சத்தில் பின்னிய ஒரு குட்டித் தொப்பி, குளிரில் பிறக்கும் ஓர் ஏழைக் குழந்தைக்குப் பெரிய ஸதகா.

இறுதியாக ஒன்று. சூரா அந்நஹ்லின் 92ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண்ணைப் போல ஆகிவிடாதீர்கள் என்று அல்லாஹ் தடுக்கிறான். சத்தியத்தை முறிப்பவர்களுக்குச் சொன்ன உவமை அது. கற்பதற்காக அவிழ்ப்பதையும், பழையதைப் புதியதாக்க அவிழ்ப்பதையும் அது குறிக்காது. ஆனாலும் ஆசையோடு தொடங்கிப் பாதியில் எறிந்துவிடும் நம் வழக்கத்துக்கு அதில் படிப்பினை இருக்கிறது. பின்னலில் மிகப் பெரிய வீண்விரயம் விலைகூடிய ஊசியல்ல, அலுமாரிக்குள் பாதியில் கிடக்கும் வேலைதான். ஆகவே சிறியதைத் தொடங்குங்கள், தொடங்கியதை முடியுங்கள். பாங்கு சொன்னால் அந்த வரிசையோடு ஊசியைக் கீழே வையுங்கள். தொழுதுவிட்டு வந்து தொடருங்கள்.

உங்கள் கைகளுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. உங்கள் பிள்ளைகளைக் குளிரிலிருந்தும் குடும்பங்களைக் கடனின் சுமையிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.